பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா வீடு

என் மாமியாருக்கு பிரெஞ்சுல ரெண்டே வார்த்தைதான் தெரியும். போன்ழூர், மெர்சி. ஆனா அவங்க பிரெஞ்சு குடிமகள். மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். அவர் தாலி கட்டின கையோட இவங்களுக்கும் குடியுரிமை வந்துடுச்சு. ஒரு கேள்வி கிடையாது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி.

எனக்கு மட்டும் சட்டம் ரப்பர் மாதிரி நீண்டுக்கிட்டே போச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகணும்னாங்க, காத்திருந்தேன். பிரெஞ்சு பேசத் தெரியணும்னாங்க. முதலியார்பேட்டையில வீட்டு வேலையை முடிச்சுட்டு, மத்தியான வெயில்ல கிளாசுக்கு ஓடிப் படிச்சு பாஸ் பண்ணேன். ஃபைலைத் தூக்கிக்கிட்டு பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போனா, விதி மாறிடுச்சு, இப்ப அதுக்கு மேல இன்னொரு பரீட்சை இருக்குங்கறாங்க. அட கடவுளே! சரின்னு மகளைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு அதையும் படிச்சுத் தொலைச்சேன்.

இவ்வளவும் எதுக்கு? பிரான்ஸ்ல ஓட்டல் நடத்தற அவரோட பெரியப்பா மகன், என் வீட்டுக்காரரை வேலைக்கு வாடா வாடான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. வீட்டுல நான் ஒருத்திதான் இந்தியக்காரி. மூணு பேரும் ஒரே பாஸ்போர்ட்டோட ஒண்ணாப் போய் இறங்கணும்னு ஆசைப்பட்டோம். இது ஒரு பேராசையா?

நேர்காணல்ல எதிரே உக்காந்திருந்த ஆபீசரம்மா சிரிச்ச முகமாத்தான் கேட்டாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ரெண்டு பேரும் பிரியாம ஒண்ணாவே இருந்தீங்களான்னு. மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேணுமான்னாங்க. வேணாம்னேன், கொஞ்சம் திமிராவே. படிச்ச பிரெஞ்சு அத்தனையும் கொட்டினேன். மொத ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனது, ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு மறுபடி போனது, குழந்தைக்கு மூணு மாசம் ஆகற வரைக்கும் அங்கயே இருந்தது, எதையும் விடல. அந்தம்மா தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. பிச்சு உதறிட்டேன்னு வெளிய வந்து வீட்டுக்காரர்கிட்ட பீத்திக்கிட்டேன்.

சில மாசம் கழிச்சு கடுதாசி வந்தது. தம்பதி சேர்ந்து வாழ்ந்தது இடையில அறுந்திருக்கு, குழந்தையோட தடுப்பூசி அட்டையிலகூட தாயோட விலாசம் வேறயா இருக்கு, அதனால குடியுரிமை கிடையாது.

அறுந்திருக்காம்! எங்கம்மா வீடு எங்க இருக்குன்னு நெனைச்சாங்க? அரியாங்குப்பம். ஆத்துப் பாலத்தைத் தாண்டினா வந்துடும். பஸ்ல உக்கார இடம் கிடைக்கறதுக்குள்ள இறங்கியாகணும். அத்தனை மாசமும் என் வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு சாயந்திரமானா அங்கதான் வந்து நிப்பார். மாப்பிள்ளை வரக்கூடாத ஆடியிலயே வந்தவர் அவர். "இதுக்கு பொண்ணை அனுப்பாமலே இருந்திருக்கலாம்"னு எங்கப்பா கிண்டல் பண்ணுவார், அம்மா தோசை மேல தோசையா வார்த்துப் போடுவாங்க. இதுக்குப் பேர் பிரிஞ்சு வாழ்றதா?

மாமியார் கேட்டுட்டு வாயில அடிச்சுக்கிட்டாங்க. "நான் மூணு புள்ளைக்கும் எங்கம்மா வீட்டுக்குத்தானே போனேன்? கடைசிப் புள்ளைக்கு வருஷம் பூரா இருந்தேன். எவன் கேட்டான்?"

வீட்டுக்காரர் ராத்திரி பகலா யோசிச்சு, "நான் முன்னாடி போறேன், நீ விசா எடுத்துக்கிட்டு பின்னாடி வா, அங்கேர்ந்து மறுபடி மனு போடலாம்"னார். போனா என்ன எழுதுவாங்க? மறுபடியும் பிரிஞ்சுட்டாங்கன்னுதானே! ஒண்ணாப் போறதுக்கும் வழி விட மாட்டாங்க, தனியாப் போனா அதுவும் குத்தம். அவர் போகல. ஓட்டல்ல வேற ஆளை வெச்சுக்கிட்டாங்க.

அதைக்கூட முழுங்கிட்டேன். ஆனா எங்கம்மா பண்ணதைத்தான் தாங்க முடியல.

என் தங்கச்சியைக் கனகசெட்டிக்குளத்துல கட்டிக் குடுத்திருக்கோம். அவ புருஷன் கடலுக்குப் போறவர், பாஸ்போர்ட்னு ஒண்ணு அவர்கிட்ட கிடையாது. போன மாசம் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. எல்லாம் முடிஞ்சு கூட்டிட்டுப் போற நேரத்துல அம்மா, "அவ இங்க புருஷன் வீட்டுலயே இருக்கட்டும், நான் வந்து வந்து பாத்துக்கறேன்"னாங்க. தங்கச்சி முகம் செத்துப் போச்சு.

"பைத்தியமாம்மா உனக்கு? இவங்களை எந்த ஆபீசர் வந்து கேக்கப் போறான்?"னு சபையிலயே கத்திட்டேன்.

அம்மா குனிஞ்ச தலை நிமிரல. "உனக்குப் பண்ண தப்பை இவளுக்கும் பண்ணணுமா?"ன்னாங்க.

தப்பாம். என் குழந்தையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, எனக்குப் பத்தியம் பாத்துப் பாத்து வடிச்சுப் போட்டவங்க, அது தப்புன்னு நம்பிட்டாங்க. யாரோ எழுதின ஒத்தை வரியால.

நானே ஆட்டோ பிடிச்சு தங்கச்சியை ஏத்திக்கிட்டுப் போய் அரியாங்குப்பத்துல அம்மா வீட்டுல விட்டேன். மகளைக் கூட்டிக்கிட்டு நானும் அங்கயே ஒரு வாரம் தங்கினேன். வேணும்னா அதையும் எழுதிக்கட்டும்.