அரிசி மூட்டையோடு மாடியேறிய மழைநாள்

வெறும் மழைக்குப் பயந்து, தலையில் அரிசி மூட்டையும் கக்கத்தில் மிக்ஸியுமாக வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டியவன் நான். நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள இந்தச் சின்ன ஊரில் என்னைவிடப் பெரிய முட்டாளை மழை நனைத்திருக்காது.

அப்போதுதான் குடிவந்திருந்தோம். கீழ்த்தளம் எங்களுக்கு, மாடி வீட்டுச் சொந்தக்காரர் ஆஸ்ட்ரிட் அம்மாளுக்கு. காலையில் பிடித்த மழை சாயங்காலமும் விடவில்லை. என் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. தோட்டத்தில் கிடந்த செங்கற்களை ஃபிரிட்ஜுக்கு அடியில் கொடுத்தேன். மெத்தையைச் சுருட்டி மேஜைமேல் ஏற்றினேன்.

"யோவ், இன்னா பண்ற?" என்றாள் என் மனைவி செல்வி. "இந்த வூடு கெடைக்கவே எவ்ளோ பேஜாரு! அந்தம்மா காலி பண்ணச் சொன்னா எங்க போவ?"

"தண்ணி உள்ள வந்தா நீதான் கத்துவ" என்று மூட்டையைத் தூக்கினேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவை வருஷத்தில் பாதிக்குமேல் மழை எட்டிக்கூடப் பார்க்காது. தீபாவளியை ஒட்டி வந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டும். தண்ணீர் வாசற்படி ஏறும் முன்பே கீழ்வீட்டுச் சாமான் மேல்வீட்டுக்குப் போய்விடும். அனுமதி கேட்கிற வழக்கமே கிடையாது. "டிவிய அந்த மூலைல வையி நைனா. துன்னியா இல்லியா?" என்பார் மேல்வீட்டு தேசம்மா அக்கா. தண்ணீர் வடியும்வரை இரண்டு குடும்பத்துக்கும் ஒரே உலை. துறைமுகத்து லாரிச் சத்தம் அடங்கிய அந்த நாட்களில்தான் நாங்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் காதில் விழும்.

ஆஸ்ட்ரிட் அம்மாள் கதவைத் திறந்து மூட்டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மனைவி துரத்திவிட்டாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, மழை."

"பாரே ரைன்" என்றார். வெறும் மழைதானே என்று அர்த்தம்.

பின்னாலேயே ஓடிவந்த செல்வியின் முகத்தில், வீடு போச்சு என்று எழுதியிருந்தது. வேறு வழியில்லாமல், போன மழையில் தம்பி அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் அவன் நிற்கிறான். தேசம்மா அக்கா மாடிப்படியிலிருந்து குனிந்து டிவியை வாங்குகிறார். ஆஸ்ட்ரிட் அம்மாள் அதை மறுபடியும் போடச் சொன்னார். பிறகு என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். வீடு இருப்பது மலைச்சரிவில். தெருவில் விழுந்த தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மழை இல்லாத மாதமே இல்லையாம். மே மாதத்தில் மட்டும் கொஞ்சம் ஓயுமாம். ஒவ்வொரு மழைக்கும் மூட்டை தூக்கினால் உன் கழுத்து என்னாகும் என்றார். ஆனால் மூட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. கூடத்து மூலையைக் காட்டினார்.

அரிசி இன்னும் அங்கேதான் இருக்கிறது. உலை வைக்குமுன் டம்ளரோடு மாடியேறுகிறேன். காபி குடிக்காமல் அவர் இறங்க விடுவதில்லை. செல்வியின் மீன்குழம்பு மேலே போகிறது. எங்கள் ஃபிரிட்ஜும் செங்கல்மேலேயே நிற்கிறது. அதை இறக்கச் சொல்லி செல்வி நச்சரித்தபோது, மழைக்காலம் போகட்டும் என்றேன்.

"இங்க அது எங்கய்யா போவும்?" என்றாள். "நீ திருவொத்தியூர்லயே கீற. வாடகைய மட்டும் இங்க குடுத்துனுகீற."