வெள்ளை இடத்தில் ஓர் ஒழுங்கை

மிரியத்துக்கு நாற்பத்து மூன்று வயது. உடுப்பிட்டியில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமுமாகப் படித்து, அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். உத்தியோகம் குடும்பநல மாது. சனத்துக்கு ‘மிட்வைஃப் அக்கா’. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், நிறை எழுதுவதும், பிறந்த பிள்ளைக்கு ஊசித் திகதி சொல்வதுமாக இருபது வருடங்கள் ஸ்கூட்டியில் ஓடிப்போயின.

பின்னேரம் நாலு மணிக்கு மேல் அவளுக்கு இன்னோர் உலகம் இருந்தது. யன்னலோரத்து மேசையில் மகள் ஜெயனி விட்டுப்போன பழைய லப்டொப் கிடக்கும். “இதிலை லினக்ஸ் போட்டிருக்கிறன் அம்மா, வைரஸ் வராது” என்று சொல்லிவிட்டு அவள் பேராதனைக்குப் படிக்கப் போய் இரண்டு வருடம். அதைத் திறந்தால் வானத்திலிருந்து எடுத்த படமொன்று விரியும். ஆரும் வரையலாம், ஆரும் பார்க்கலாம் என்றிருக்கும் இலவச வரைபடம் அது. தோட்டங்கள் பச்சைச் சதுரங்களாகவும் பனங்கூடல்கள் கறுத்த பூக்களாகவும் கடல்நீரேரி தேத்தண்ணி நிறத்திலும் கிடக்கும். அதன்மேல் அவள் புள்ளி வைத்து, புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். அன்று காலை ஸ்கூட்டியில் போன ஒழுங்கை, திரும்ப ஒருமுறை, சத்தமில்லாமல் அவளுக்குக் கீழே ஓடும். எந்த வளைவில் வேலித் தகரம் துருப்பிடித்து ஆடும், எந்த இடத்தில் சில்லு புதையும், எந்த வளவிலிருந்து கறிக்கு வறுக்கும் வாசம் வரும் என்பதெல்லாம் கோட்டோடு கூடவே வரும். பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிடும்.

“பகல் முழுக்க ஒழுங்கை ஒழுங்கையாத் திரியிறது காணாதெண்டு, பின்னேரத்திலையும் திரியிறாள்” என்பார் புருஷன் எட்வேர்ட். கொடிகாமம் சந்தையில் மரக்கறி எடுத்து, சின்ன லொறியில் நெல்லியடிக் கடைகளுக்குக் கொண்டுவந்து போடுகிறவர்.

அந்த ஐப்பசியில்தான் அவள் பார்த்துவந்த கமலாவதிக்கு அம்புலன்ஸில் பிள்ளை பிறந்தது. வண்டி அவளுடைய வீட்டைத் தேடி நாற்பது நிமிஷம் ஒழுங்கைகளுக்குள் சுற்றியிருந்தது. தாயும் பிள்ளையும் சுகம்தான். ஆனால் மிரியத்துக்கு அந்த நாற்பது நிமிஷம் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. அடுத்த கிளினிக் நாளில் அம்புலன்ஸ் ஓடுகிற செபநாயகத்தைப் பிடித்துக் கேட்டாள்.

“நான் என்னக்கா செய்ய? வவுனியாப் பக்கம் ஓடினவன், இஞ்சை வந்து ரெண்டு மாசம்.” அவர் தன் கைபேசியை நீட்டினார். “எனக்கு இந்த மப்தான் கண். உங்கினை நீரேரிக்கரையிலை கோல் எடுக்கலாம், இணையம் வராது, அதாலை மப்பை முதலே போனிலை இறக்கி வைச்சிருக்கிறன். பாருங்கோ, ஒரே வெள்ளை. உதுக்குள்ளை வீடுகள் இருக்கெண்டு நீங்கள் சொல்லித்தான் நம்பவேண்டிக் கிடக்கு.”

அது மிரியம் வரைகிற அதே வரைபடம்தான்.

“நான் உதிலை ஒழுங்கையைக் கீறினால் உங்கடை போனிலை வருமோ அண்ணை?”

“வரும். ஒரு கிழமை எடுக்கும். ஞாயிற்றுக்கிழமையிலை நான் புதுசு இறக்கிறனான்.”

அந்த வெள்ளைக்குள்தான் லவீனாவின் வீடு இருந்தது. குருநகரிலிருந்து தொண்டைமானாற்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் டினேஸ் விடியமுன் கடலுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவான். முதற் பிள்ளை. மார்கழி பதினெட்டாந் திகதி பிறக்கும் என்று மிரியம் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

“அக்கா, அம்புலன்ஸ்காரர் வழி கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? எங்கடை பக்கம் எண்டால் கோயிலின்ரை பேரைச் சொன்னால் காணும். இஞ்சை பனையும் தண்ணியும்தான். பனைக்குப் பேரிருக்கோ?”

“நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நான் சொல்லி வைக்கிறன்” என்றாள் மிரியம்.

அன்று பின்னேரமே அவள் அந்த ஒழுங்கையை வரைந்தாள். பிரதான வீதியில் மதகு, அதைத் தாண்டி வலப்பக்கம், தாழங்காட்டைச் சுற்றி ஒரு வளைவு, பிறகு நேராக நீரேரிக்கரை. வரைந்ததை அனுப்புவதற்கு அமர்த்தியபோது இணையம் இல்லை என்றது லப்டொப். முதல்நாள் இடியோடு அதன் உள்ளே இருந்த வைஃபை செத்துப்போயிருந்தது.

வீட்டில் ரௌட்டர் இருந்தது. வயர் செருக லப்டொப்பில் வாயில்லை. கைபேசியை வயரால் பொருத்திப் பார்த்தாள். சார்ஜ் ஏறியது, வேறொன்றும் ஏறவில்லை. கைபேசியின் சின்னத் திரையிலேயே கீறுவோம் என்றால் விரல் பட்ட இடமெல்லாம் புள்ளி விழுந்தது. கோப்பைப் பென்றைவில் போட்டு நெல்லியடியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். “இது என்ன கோப்பு அக்கா? எங்கடை கொம்பியூட்டருக்குத் தெரியாதாம்” என்று திருப்பித் தந்தார்கள். மார்கழி மூன்றாந் திகதி ஆகியிருந்தது.

நாலாந் திகதி எட்வேர்ட் சந்தையால் வரும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். உள்ளே பெருவிரல் நகமளவில் ஒரு கறுப்புச் சாமான்.

“இந்தா, உன்ரை இணையம். குத்தின உடனை வேலை செய்யுமாம்.”

“லினக்ஸிலையுமோ எண்டு கேட்டனீங்களே?”

“கேட்டனான். ‘அது எந்த நாட்டு லப்டொப் அண்ணை?’ எண்டான்.”

குத்தினாள். வைஃபை வரவில்லை. திரையில் ஒரு சிடியின் படம் மட்டும் வந்து நின்றது. திறந்தால் உள்ளே ஒரேயொரு கோப்பு. அது விண்டோஸுக்கானது, அசையவில்லை. கந்தோரில் பென்றைவுக்குப் பழக்கிய பழக்கம் அவளுக்கு: சும்மா இழுக்கக்கூடாது, முதலில் ‘வெளியேற்று’ என்பதை அமர்த்த வேண்டும், பிறகுதான் கழற்ற வேண்டும். அமர்த்தினாள், கழற்றினாள், திரும்பக் குத்தினாள். திரும்பவும் சிடி.

ஜெயனிக்குச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அவளைக் குழப்ப மனமில்லாமல், கைபேசியில் தானே தேடி ஓர் ஆங்கிலப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். அந்தக் கறுப்புச் சாமான் பேசுவதைக் கணினிக்கு விளங்கப்படுத்த ஒரு டிரைவர் வேண்டுமாம். டிரைவரைக் கணினிக்குள்ளேயே கட்டியெடுக்க வேண்டுமாம். கட்டுவதற்கு வேண்டியவற்றை இணையத்திலிருந்து இறக்க வேண்டுமாம்.

“இந்தளவு சாமானுக்கு ஒரு டிரைவரோ?” எட்வேர்ட் வாசலில் நத்தார் நட்சத்திரத்துக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். “என்ரை லொறிக்கே டிரைவரில்லாமல் நான்தான் ஓடுறன்.”

“இணையம் வாறதுக்கு டிரைவர் வேணும். டிரைவர் வாறதுக்கு இணையம் வேணும். பகிடி விடாமல் இருங்கோ.”

கைபேசியில் இறக்கி, அதன் மெமறி காட்டைக் கழற்றி லப்டொப்பில் செருகினாள். ஒரு தரமல்ல. ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது இன்னொன்றைக் கேட்டது. அதைக் கொடுத்தால் அதற்கும் ஒன்று வேண்டியிருந்தது. பலகாரம் சுடுகிற நாளில் பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாய் நடக்கிற பெண்ணைப்போல, மெமறி காட்டோடு போய் வந்துகொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பின்னேரங்கள் அப்படிப் போயின.

மூன்றாம் பின்னேரம் கட்டும் வேலை நடுவில் நின்றது. எதையோ காணவில்லை என்று சிவப்பில் எழுதியது. எல்லாம் இருந்ததே என்று அவள் ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தாள். கணினியில் இருந்த லினக்ஸின் பதிப்பு இலக்கம் தொண்ணூற்றொன்றில் முடிந்தது. அவள் இறக்கியிருந்தது தொண்ணூற்று நாலு. பட்டியலில் இருந்ததிலேயே புதியதை எடுத்திருந்தாள். தடுப்பூசியில் பழைய திகதியைக் கண்டாலே ஒதுக்கிப் பழகிய கை அப்படித்தான் எடுக்கும். இது ஊசி மருந்தல்ல, இரத்தம் ஏற்றுகிற மாதிரி என்று அப்போதுதான் விளங்கியது. புதிது பழையது என்றில்லை. பொருந்தினால் மட்டும் ஏறும்.

தொண்ணூற்றொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். எழுத்துக்கள் வரிவரியாய் மேலே ஓடத் தொடங்கின. ஒரு வரியும் அவளுக்கு விளங்கவில்லை, ஆனாலும் பார்க்க நன்றாயிருந்தது. கூரையிலிருந்து மழை கீழே இறங்க, திரையில் எழுத்து மேலே போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அவளுக்கு, நீரேரிக்கு மேலாக, ஈரம்படாமல், மெள்ள எங்கோ போவது போலிருந்தது. ஓட்டம் நின்றபோது ஒரு குறையும் சொல்லவில்லை. கணினியை நிறுத்தி, திரும்ப எழுப்பி, கறுப்புச் சாமானைக் குத்தினாள்.

சிடி.

அவள் அழவில்லை. அழுகை வரும்போது எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். திகதி ஏழு. இன்றைக்கு அனுப்பினால் பதினாலாந் திகதி ஞாயிறு செபநாயகத்தின் கையில் இருக்கும். இன்று தப்பினால் இருபத்தொன்று. பிள்ளை அதுவரைக்கும் காத்திருக்காது. சாமானைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுவோம் என்று ‘வெளியேற்று’ என்பதை அமர்த்தினாள். சிடியின் படம் மறைந்தது. கழற்றக் கை வைத்தாள். கைபேசி அடித்தது.

லவீனா. “அக்கா, இடுப்புக்குள்ளை என்னவோ செய்யுது. இண்டைக்கே வந்திடுமோ?”

மிரியம் எழும்பி முன்வாசலுக்குப் போனாள். “எத்தினை நிமிஷத்துக்கு ஒருக்கால் வருகுது? … தண்ணி ஏதும் போகுதோ? … பிள்ளை துடிக்குதோ? … சரி. இடப்பக்கம் சரிஞ்சு படு. நான் போனை வைக்கேல்லை, பயப்படாதை. கதை.”

“என்னத்தைக் கதைக்க?”

“மத்தியானம் என்ன சமைச்சனி எண்டு சொல்லன்.”

லவீனா மீன்குழம்பிலிருந்து தொடங்கி, மாமியாரின் சொதியைக் குறைசொல்லி, டினேஸின் குறட்டைக்கு வந்தபோது இடுப்பு நோ மெள்ள விட்டுப்போயிருந்தது. “பொய் நோ. இன்னும் நாள் கிடக்கு” என்று மிரியம் போனை வைத்தாள்.

மேசைக்குத் திரும்பினாள். கழற்றாமல் விட்டுப்போன கறுப்புச் சாமானின் நுனியில் ஒரு நீலப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் பெயர்கள் வரிசையாய் வந்திருந்தன: பக்கத்து வீட்டு ரௌட்டர், முன்வீட்டு ரௌட்டர், ‘எட்வேர்ட் வீடு’.

அவள் நெடுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு கைபேசியில் அந்த ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து அடிவரைக்கும் போனாள். கடைசிப் பந்தியில், அவள் வாசிக்காமல் விட்ட இடத்தில் இருந்தது: சில அடப்டர்கள் முதலில் தங்களைச் சிடியாகக் காட்டிக்கொள்ளும், வெளியேற்று என்று சொல்லிவிட்டு, கழற்றாமல், சற்றுப் பொறுத்திருக்கவும். நாலு நாளும் அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும், அது மாறி வருவதற்குள், பக்குவமாய்ப் பிடுங்கியும் இருக்கிறாள்.

“என்னப்பா சிரிக்கிறாய்?” நட்சத்திரத்துக்குத் தாள் ஒட்டிக்கொண்டே எட்வேர்ட் கேட்டார்.

“ஒண்டுமில்லை. உங்கடை டிரைவர் வந்திட்டார்.”

ஒழுங்கையை அனுப்பமுன் கணினி அதற்கொரு பெயர் கேட்டது. அதற்குப் பெயர் கிடையாது. சனம் சொல்கிற அடையாளமெல்லாம் செத்துப்போனவர்களின் வளவுகளும் பட்டுப்போன மரங்களும்தான். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினாள். வெள்ளைக்குள் ஒரு மெல்லிய கோடு விழுந்தது.

பிள்ளை பதினாறாந் திகதி பின்னேரம் வரத் தொடங்கியது. மழை. டினேஸ் கடலில். “அம்புலன்சுக்கு அடிச்சிட்டன் அக்கா” என்று லவீனா மூச்சு வாங்கிச் சொன்னாள். மாமியார் பக்கத்தில் இருந்தார். மிரியம் ஸ்கூட்டியை எடுத்தாள். நேரே லவீனா வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஒரு மெல்லிய கோட்டை நம்பி எப்படிப் போவது? மதகடியில் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நின்றாள். நீரேரி வீதி மட்டத்துக்கு ஏறியிருந்தது. வானமும் தண்ணியும் ஒரே நிறத்தில் கிடந்தன. எது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தான் வரைபடத்தின் வெள்ளைக்குள் ஒரு புள்ளியாக நிற்பது போல அவளுக்குத் தோன்றியது.

தூரத்தில் சிவப்பு வெளிச்சம் சுழன்று வந்தது. அவள் வீதிக்கு நடுவே வந்து குடையை ஆட்டினாள். “இஞ்சை! இஞ்சாலை அண்ணை!”

வண்டி நிற்கவில்லை. வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. அவளைக் கடந்து, மதகைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பி, தாழங்காட்டின் வளைவுக்குள் போய் மறைந்தது. பள்ளத்துச் சேறு எழும்பி அவளுடைய வெள்ளைச் சீருடையில் இடுப்பு வரைக்கும் அடித்தது.

நின்ற இடத்திலேயே நின்றாள். சில்லுத் தடம் இரண்டிலும் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. அவள் புள்ளி வைத்த இடத்தில்தான் அவை திரும்பியிருந்தன.

கைபேசி அடித்தது. செபநாயகம்.

“அக்கா, எங்கை நிக்கிறியள்? நாங்கள் வீட்டுக்கு வந்திட்டம். பிள்ளைத்தாச்சியை ஏத்தியாச்சு. உங்களைத்தான் காணேல்லை எண்டு அழுகிறா.”

“வாறன் அண்ணை” என்றாள் மிரியம். “உங்களுக்குப் பின்னாலைதான் வாறன்.”