இறக்கைப் பக்கம் சீட்டு வேண்டாமாம்

விமான இறக்கைக்குள் இருக்கும் சட்டங்களை வடிவமைப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் வேலை.

இன்று அரியாங்குப்பத்தில் டிக்கெட் போடும் கடைக்கு மனைவியோடு போனேன். டெல்லியில் தங்கை வீட்டு விசேஷம். மனைவிக்கு முதல் விமானப் பயணம்.

"றெக்கை பக்கத்துல ரெண்டு சீட்டு இருக்கு, போட்டுடவா?" என்றார் கடைக்காரர்.

நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வேணாண்ணா, றெக்கை ஆடும். கடைசி வரிசையில குடுங்க" என்றாள்.

வளைந்து கொடுத்தால்தான் உடையாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். ஸ்கேலை வளைத்தே காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் தலையாட்டினாள்.

"இவருதான் அத டிசைன் பண்றாரு. ஒரே கணக்க மூணு தடவ போட்டுட்டு, அப்பவும் சந்தேகமா இருக்குன்னு ஆபீசுக்குப் போன் பண்றாரு. தெனம் பாக்கறேனே!"

அந்தச் சந்தேகத்துக்குத்தான் எனக்குச் சம்பளமே. அதையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அப்ப சாருக்கு?"

முதல் பயணத்தில் அவளைத் தனியாக விட முடியுமா?

"எனக்கும் கடைசி வரிசையே போடுங்க."

இறக்கை செய்கிறவனே இறக்கைப் பக்கம் உட்காரப் பயந்தான் என்ற சேதி இந்நேரம் தவளக்குப்பம் தாண்டியிருக்கும்.

உங்கள் வேலையை உங்கள் வீட்டில் நம்புகிறவர் யாராவது உண்டா?