எட்டுப் பேருக்கு எதிரே உட்கார்ந்தவன்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் நோர்வூட்டிலிருந்து அட்டன் வரைக்கும் எந்தக் கடைப் பலகையை யார் எழுதியது என்று கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயரை வாங்கித் தந்தது ஒரு படகு. நான் படகில் ஏறியதே இல்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் தேயிலை மலையில் மண்வெட்டியோடு, மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். மாரியம்மன் கோயில் சுவரில் நான் எழுதிய சிங்கத்தைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பார்த்துவிட்டார். தோட்டத்துப் பெயின்டர் இந்தியாவுக்குப் போய், அந்த வேலை காலியாக இருந்த சமயம். என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்.

சுவரில் பெரிய எண்ணெய்ப் படம். அவருடைய ஊர் ஆற்றில் படகுப் போட்டி. தண்ணீரைத் தொட்டால் கை நனையும், எவனோ அப்படி எழுதியிருந்தான். எட்டு வெள்ளைக்காரர்கள் உடம்பை வளைத்துத் துடுப்பு இழுக்கிறார்கள். படகின் கடைசியில், அவர்களுக்கு எதிரே உட்கார்ந்த ஒன்பதாவது ஆளைப் பூஞ்சணம் தின்றுவிட்டது. முழங்கால் மட்டும் மிச்சம்.

"இந்த ஆள நீ எழுது. நல்லா வந்தா பெயின்டர் வேல. இல்லாட்டி கான் வெட்டு," என்று சொல்லிவிட்டுத் துரை கொழும்புக்குப் போனார்.

நான் யாரையும் கேட்கவில்லை. எட்டுப் பேர் பாடுபட, ஒருத்தன் துடுப்பில்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தால் அவன் யார்? தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, மீசை, தொந்தி என்று எங்கள் பெரிய கங்காணி சோலைமலையை அப்படியே இறக்கினேன்.

துரை திரும்பி வந்து பார்த்தார்.

"இது யாரு?"

"கங்காணிங்க தொர. வேல வாங்குறவரு."

சிரிப்பில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "வேல வாங்குறது சரி. ஆனா இவன் ஒக்காந்தா படகு தோத்துப்போகும். அங்க எட கொறஞ்ச ஆளுதான் வேணும். அவன்தான் வழி பாக்கிறது. நாளைக்குள்ள மாத்து."

எங்கள் லயத்து வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி அம்மாக்கண்ணு, "எட கொறஞ்ச ஆளத் தேடி எங்க போறீங்க? ஒங்களக் காத்து தூக்காம நான்தானே புடிச்சிக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். கங்காணியைச் சுரண்டி எடுத்தேன். என் ஒட்டிய கன்னத்தை எழுதி, வாயைத் திறந்து எட்டு வெள்ளைக்காரர்களையும் நானே விரட்டுவதாக வைத்தேன். நிறத்தை வெளுக்க மட்டும் மனம் வரவில்லை.

துரை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கறுப்பா இருக்கானே?"

"வழி பாக்கிறவன் வெயில்லதாங்களே நிக்கணும் தொர."

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கான் வெட்ட என் பெயரைக் கூப்பிட்டபோது நான் தேயிலை ஸ்டோரில் கூரைக்குச் சிவப்புப் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தேன்.