தண்ணீர் வரிசைக் கமாண்டர்

என் பக்கத்து வீட்டு இதோவியாவின் புருஷன் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவனிடம் இருந்தது ஒரு தகர விசில். எங்கள் மலைச்சரிவுக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர் லாரி வரும். அவன் இல்லாவிட்டால் இருநூறு வாளிகளும் ஒன்றோடொன்று முட்டி, பெண்கள் முடியைப் பிடித்து இழுத்துக்கொள்வோம். "ஏய் வாயாடி, பின்னால போ! பிள்ளைத்தாச்சிக்கு வழிய விடு!" என்று என்னைத்தான் முதலில் விரட்டுவான். அந்த எரிச்சலில் "ஆமாம் கமாண்டர்!" என்று ஒருநாள் சல்யூட் அடித்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது. பத்து வருஷமாக ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

ஹெய்டியில் நாங்கள் யாரும் அசல் பெயரை அந்நியரிடம் சொல்ல மாட்டோம். பெயர் தெரிந்தால் செய்வினை வைத்துவிடுவார்கள். கூப்பிட ஒரு பட்டப்பெயர் போதும்.

மே மாதம் ஆயுதக் கும்பலும் போலீசும் சுட்டுக்கொண்டதில் ஒரு குண்டு லாரிப் பக்கம் வந்தது. கமாண்டர் விசிலோடு விழுந்தான்.

இரண்டு வாரம் கழித்து, நாட்டில் அமைதி கொண்டுவர வந்திருக்கும் வெளிநாட்டுக் குழுவின் ஆட்கள் மொழிபெயர்க்கும் பெண்ணோடு வந்தார்கள். நான் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா செத்தது?"

"நம்ம கமாண்டர்தான். தங்கமான மனுஷன்."

"அவர் சொன்னா ஆளுங்க கேப்பாங்களா?"

"கேக்காம? ஒரு விசில் அடிச்சா இருநூறு பேர் வரிசையா நிப்பாங்க!"

பெருமையாகச் சொன்னேன், பாவி நான். அவள் எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவர்கள் அறிக்கை எல்லார் போனிலும் வந்தது. இருநூறு பேரை நடத்திய கும்பல் தலைவன் 'கமாண்டர்' பலியாம்! கும்பலை எதிர்க்க எங்கள் பேட்டைப் பையன்களே சேர்த்த காவல் படை, கும்பல்காரன் குடும்பம் என்றால் வீட்டோடு கொளுத்தும். அதன் தலைவன் ஃபிலெமோன், கமாண்டர் நிறுத்திய வரிசையில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவன்தான், இதோவியாவின் வாசலில் வந்து நின்றான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க அத மாத்தணும். இல்லன்னா கெளம்பிடு."

"டேய், அவர் யாருன்னு உனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும்க்கா. என் பசங்க எழுத்தத்தான் நம்புவானுங்க."

புதன்கிழமை நானும் இதோவியாவும் குழுவின் அலுவலக வாசலில் நாலு மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். உள்ளே அதிகாரி குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். பேச்சில் சர்க்கரை. அதே பெண்தான் மொழிபெயர்த்தாள். இதோவியா விசிலை மேஜையில் வைத்தாள்.

"இத ஊதித்தான் சார் எல்லாரையும் நிறுத்துவாரு. வேற ஒண்ணும் இல்ல அவர்கிட்ட."

"மிகவும் வருந்துகிறோம். உடனே திருத்துகிறோம். கணவரின் முழுப் பெயர்?"

மேஜைக்கடியில் இதோவியாவின் தொடையைக் கிள்ளினேன். "சொல்லாத."

"சும்மா இரு ரொசெத். அசல் பேரச் சொன்னாத்தான் நம்புவாங்க" என்றவள், ஜெலோம் பியெரிஸ்டில் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள். விசிலை ஓர் உறையில் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

சொன்னபடியே வெள்ளிக்கிழமை காலை திருத்தம் வந்தது. 'கமாண்டர் எனப்பட்ட கும்பல் தலைவனின் இயற்பெயர் ஜெலோம் பியெரிஸ்டில். மனைவி உறுதி செய்தார். ஆட்களைத் திரட்ட அவன் பயன்படுத்திய கருவியையும் ஒப்படைத்தார்.'

இதோவியா அதை இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. ஒரு மூட்டை கட்டினாள், போய்விட்டாள். மத்தியானம் அவள் வீடு எரிந்தது. நான் வாளித் தண்ணீரோடு ஓடினேன். ஃபிலெமோனின் ஆட்கள் பிடித்து நிறுத்தினார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்!

சனிக்கிழமை லாரி வந்தது. வாளிகள் முட்டின, ஒருத்திக்கு மண்டை உடைந்தது. ஃபிலெமோன் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, அந்த விசில் எங்க?"

"சமாதானம் பண்ண வந்தவங்க வச்சிருக்காங்க" என்றேன். "போய்க் கேளு. உன் அசல் பேரச் சொல்லு, குடுப்பாங்க."