ரத்தினம்மாவின் அடுப்படி அரசமரம்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து கண்டி டவுனில் வாழ்க்கைப்பட்ட ரத்தினம்மா லேசில் கோபப்படுகிறவள் இல்லை. பட்டுவிட்டால் மறக்கிறவளும் இல்லை. மன்னித்துப் புண்ணியம் தேடியவர்களின் கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஹந்தானைக்கு ஏறும் பாதையோரம் அவளும் புருஷன் கறுப்பையாவும் தகரக் கூரை போட்டு ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார்கள். பின்னால் சின்னமுத்து முதலாளியின் அரிசிக் கிட்டங்கி. 1928இல் முதலாளி லொறி வாங்கினார். லொறி கேட்டுக்குள் திரும்புவதற்குக் கடை இடைஞ்சல். அதை நேரே வந்து சொல்லியிருந்தால் ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். அவரோ யார் யாரையோ பிடித்து உத்தரவு வாங்கி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இது ரோட்டு நிலம். இந்தக் குப்பைய மொதல்ல அள்ளுங்க."

அடுப்பைக் கடப்பாரையால் இடித்தபோது மேலே பால் காய்ந்துகொண்டிருந்தது. கறுப்பையா கடுகண்ணாவைப் பக்கம் கல்லுடைக்கப் போனான். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலோடு திரும்பி வந்து செத்தும் போனான். ரத்தினம்மா வீடு வீடாக இடியப்பம் விற்று வயிற்றைக் கழுவினாள். தினமும் அந்தக் கேட்டைக் கடக்கும்போது அடுப்பு இருந்த இடத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போவாள். அந்த ஆள் வாயால் குப்பை என்று சொன்ன இடத்தை அந்த ஆளே கும்பிட வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொள்வாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் அந்தத் தெருவுக்கு மண்வெட்டியும் கூடையுமாக வந்தார்கள். தலைவன் ஹலீம், மேல்வகுப்பு மாணவன். சனிக்கிழமைகளில் ஒவ்வொரு தெருவாகச் சாக்கடைக் கான் வெட்டி, குப்பை எரித்து, மரம் நடுவது அவர்கள் வேலை. அதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கன்றைத் தெருக்காரர்தான் நட வேண்டும், "இதை நான் காப்பேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லவும் வேண்டும்.

கானைத் துப்புரவாக்கும்போது சுவரிடுக்கிலிருந்து ஓர் அரசங்கன்று வேரோடு வந்தது. கூட இருந்த சிங்களப் பெடியன்கள் அதைக் குப்பையில் போட விடவில்லை. புத்தர் ஞானம் பெற்ற அரசைத் தூக்கி எறிவது பாவம். எங்கே நடுவதென்று தெரியாமல் ஹலீம் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

இடியப்பத் தட்டோடு வந்த ரத்தினம்மா நின்றாள்.

"தம்பி, அந்தா அந்த கேட்டுக்கிட்ட நடுங்க. ரோட்டு நிலந்தான், மொதலாளியே சொல்லியிருக்காரு. அவரு கையாலயே நடச் சொல்லுங்க. பெரிய மனுசரு."

"அவர் வருவாரா உம்மா?"

"கூட்டத்தச் சேத்துட்டுக் கூப்புடுங்க. ஓடி வருவாரு."

ஓடித்தான் வந்தார். நகரசபைத் தேர்தலுக்கு நிற்கும் ஆசை அவருக்கு. பக்கத்து விகாரையின் பிக்குவும் வாத்தியார்மாரும் பார்த்துக்கொண்டிருக்க, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கன்றை நட்டு, "இதை நான் காப்பேன்" என்று உரக்கச் சொன்னார். சனம் மறந்ததும் பிடுங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. கை தட்டியவர்களில் ரத்தினம்மாதான் பலமாகத் தட்டினாள்.

புத்தர் பிறந்த வெசாக் பண்டிகை வந்தது. தெருக்காரர்கள் கன்றைச் சுற்றிக் கல் அடுக்கி விளக்கு வைத்தார்கள். கல் மேடை லொறியை மறித்தது. மூட்டைகள் மேல் ரோட்டிலிருந்து தலைச்சுமையாக வந்தன. பிடுங்கச் சொன்னால் சிங்கள வண்டிக்காரன் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். லொறிக்காரன் தனக்குப் பிள்ளைகுட்டி இருப்பதாகச் சொன்னான். ஒருநாள் முதலாளியே கத்தியோடு போனார், கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எதிர்வீட்டு வாசலில் இடியப்பம் கொடுத்துக்கொண்டிருந்த ரத்தினம்மா அதைக் கண்ணாரக் கண்டாள். அன்றுதான் அவள் வயிற்றெரிச்சலில் பாதி அடங்கியது.

மீதிப் பாதிக்காகத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். மரம் நிழல் விட்டதும், விளக்கேற்ற வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் பழைய அடுப்பு இருந்த அதே இடத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். மரத்தடியில் இருப்பவளை யார் எழுப்புவார்கள்?

1937இல் ஒரு காலை, முதலாளி காரை மேல் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். வேர்வை வழிந்தது.

"ரத்தினம்மா, வியாபாரமே படுத்துப் போச்சு. மரத்த விகாரைப் பக்கம் பேத்து வைக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா சனம் கேக்கும்."

நீங்க என்றார். அன்றைக்குக் குப்பை என்ற அதே வாய்.

ரத்தினம்மா அடுப்பில் பாலைப் பார்த்தபடி இருந்தாள். "மொதல்ல செருப்பக் கழட்டுங்க மொதலாளி."

அவர் மரத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கழற்றினார். கைகூடக் கும்பிட்டபடி நெஞ்சுக்குப் போய்விட்டது.

"மரத்துக்குச் சொல்லல," என்றாள். "நீங்க நிக்கிறது என் அடுப்படி. எம்புருசன் ஒக்காந்த எடம். அதுக்குத்தான் சொன்னேன்."

சின்னமுத்துவுக்கு நெஞ்சிலிருந்த கையை எடுக்கவும் முடியவில்லை, செருப்பை மாட்டவும் முடியவில்லை. பால் பொங்கி வந்தது. அவள் இறக்கி வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தேத்தண்ணி ஆற்றத் தொடங்கினாள்.