அண்ணியின் பதினெட்டு க்யூப்கள்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அண்ணி முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார். நடுவிரலை மடக்கி, முட்டியால் இரண்டு தட்டு. பிறகு தலையைச் சற்றே சாய்த்து ஒரு கணம் காது கொடுப்பார். மருத்துவமனை, வங்கி, ரயில் நிலையம், சுவரோ தூணோ, எதையும் விட்டதில்லை. ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். ஒருமுறை பல் டாக்டரிடம் போனபோது அவர் அறைச் சுவரைத் தட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளும் தட்டினார். கூடத்துச் சுவரில், என் பள்ளிச் சான்றிதழ் மாட்டியிருந்த இடத்துக்குக் கீழே. "இங்க பூச்சு விட்டிருக்கு," என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. சமையலறைக்குள் வந்து என் காதில், "வந்து ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள சுவத்துல குறை. நாளைக்கு நம்ம மண்டையத் தட்டிப் பார்ப்பா பாரு," என்றாள். எனக்கு அது இனிப்பாக இருந்தது. ஆனால் அப்பா எழுந்து போய் அதே இடத்தில் தட்டிப் பார்த்தார். அப்பா பெயின்டர். "ஆறு வருஷமா எனக்குத் தெரியும்மா. கோட்டிங் மேல கோட்டிங் அடிச்சு மறைச்சு வெச்சிருந்தேன். உன்கிட்ட மாட்டிக்கிட்டேன்," என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அப்படி ஒரு சிரிப்பை அப்பா அதுவரை எனக்காக மட்டும்தான் சிரித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா எட்டாவது, அம்மா ஐந்தாவது, அண்ணன் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு சரக்கு வேன் ஓட்டப் போய்விட்டான். நான் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. "கட்டடம்" என்று சொன்னேன். அப்பா, "அப்போ நம்ம லைன்தான்," என்றார். வேலைக்குப் போகும் இடத்தில் எதையாவது பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் என்னிடம் கேட்பார். சுவர் ஏன் வியர்க்கிறது, பீமில் விரிசல் ஏன் குறுக்காக ஓடுகிறது என்று கேட்பார். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததையும் சொல்வேன்.

அண்ணி வந்தபிறகு கேள்விகள் அண்ணியிடம் போயின. அண்ணி டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசராக இருந்தவர். என்னைவிட ஆறு வயது பெரியவர். அப்பாவின் கேள்விகளில் பாதிக்கு, "தெரியல மாமா, நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்பார். மறுநாள் உண்மையாகவே பார்த்துவிட்டு வந்து சொல்வார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பட்டம் வாங்கியபோது அப்பா என் அங்கிப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அன்றிலிருந்து அண்ணி என்னைப் "பட்டதாரி" என்றுதான் கூப்பிடுவார். "என்ன பட்டதாரி, சாப்பிட்டாச்சா?" "பட்டதாரி, அந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சு வெய்யேன்." கிண்டலா பாசமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அந்த வருடமே அண்ணியும் மாலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். பகலெல்லாம் சைட்டில் வெயில், சாயங்காலம் வகுப்பு. மூன்றரை வருடத்தில் அவரும் பட்டதாரி. அவர் படமும் என் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அப்பா இரண்டையும் ஒரே மட்டத்தில் மாட்டுவதற்காக நூல் பிடித்து அளந்தார். கொஞ்சம் மேலே கீழே இருந்தால் என்னவாம்?

அதற்குள் நான் ஒரு டிசைன் ஆபீஸில் படம் வரைந்து சலித்துப்போய், முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். இந்தத் தடவை யாரும் பக்கத்தில் வரமுடியாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் இல்லை. சேர்க்கைப் பட்டியல் வந்த அன்று எனக்கு முன்னால் அண்ணி கைப்பேசியை நீட்டினார்.

"பட்டதாரி, இங்க பாரு. உன் பேருக்கு நாலு பேர் கீழ நான்."

நாலு பேர் கீழே என்பதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். நம்புவீர்களா?

அண்ணிக்கு இந்தப் படிப்பு ஆசைக்காக மட்டும் இல்லை. அவர் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் முதுநிலைப் பட்டம் கையில் இருந்தால் அந்த நாற்காலி அண்ணிக்கு என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். நிறுவனம் அரைநாள் விடுப்பும் கொடுத்தது. பட்டம் நேரத்துக்கு வரவேண்டும், அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தேதி மனப்பாடம்.

வகுப்பில் நாங்கள் அண்ணி–நாத்தனார் என்று தெரிந்ததும் ஒரே கேலி. "லேப்ல சீரியல் எத்தனை மணிக்குப்பா?" என்பார்கள். அண்ணி சளைக்காமல், "இன்னைக்கு மாமியார் எபிசோட், அவங்க வராததால ஷூட்டிங் இல்லை," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த மாதிரி ஒரு வரிகூட வாயில் வராது.

இறுதி வருட ஆய்வுக்கு நான் நிலக்கரிச் சாம்பலை எடுத்துக்கொண்டேன். அண்ணி உடைந்த செங்கல் தூளை எடுத்துக்கொண்டார். இரண்டுமே சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் சேர்ப்பது. கான்கிரீட்டை அரையடி அகலக் கட்டிகளாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்து, குறித்த நாளில் எடுத்து மெஷினில் வைத்து நசுக்கி, எத்தனை டன்னுக்கு உடைகிறது என்று பார்க்க வேண்டும். க்யூப் என்போம். செங்கல் தூள் நிதானமாகத்தான் இறுகும் என்பதால் அண்ணிக்குத் தொண்ணூறாம் நாள் க்யூப்கள்தான் உயிர். மொத்தம் பதினெட்டு. ஊறும் நாளில் ஒரு நாள்கூட அவை உலரக்கூடாது.

தொட்டி ஒன்றுதான். நான் முதலில் வார்த்ததால் என்னுடையவை அடியில். ஒரு வாரம் கழித்து வார்த்த அண்ணியின் பதினெட்டும் அவற்றுக்கு மேலே.

பருவ விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை மதியம் விட்டுவந்த நோட்டை எடுக்க லேபுக்குப் போனேன். காவலரிடம் சாவி வாங்கி, ரெஜிஸ்டரில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். உள்ளே ஈரமான தரை. தொட்டியின் வடிகுழாய் கசிந்து தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. என் க்யூப்கள் தண்ணீருக்குள் பத்திரமாக இருந்தன. அண்ணியுடையவை வெளியே, காய்ந்து, வெளுத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் அவர் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய தேதியோடு வரிசையாக நின்றன.

தண்ணீர்க் குழாய் ஆறடி தூரத்தில் இருந்தது. வடிகுழாயை இறுக்கிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் அரை மணி நேரத்தில் தொட்டி நிரம்பியிருக்கும்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டேன். ஒரு ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கெடுக்க வேண்டும் என்று நினைத்ததாக நினைவில்லை. 'இது என் வேலை இல்லையே,' 'லேப் உதவியாளர் வருவார்' என்றெல்லாம் நினைத்த ஞாபகம். அப்பா நூல் பிடித்து அளந்ததும் ஞாபகம் வந்தது. கதவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை உதவியாளர் வடிகுழாயை இறுக்கித் தண்ணீரை நிரப்பிவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி உள்ளே வந்ததும் தொட்டியின் உட்சுவரைப் பார்த்தார். பாதி உயரத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று படிந்திருந்தது. எல்லோர் கண்ணிலும் படுவதுதான். அதைப் படிக்க அண்ணிக்குத்தான் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். "லீவுல லேப் பக்கம் போனியா? தண்ணி எத்தனை நாள் இறங்கி இருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்."

"நோட்டு எடுக்கப் போனேன். நான் கவனிக்கல அண்ணி."

"தரை ஈரமா இருந்துச்சா?"

"கவனிக்கலன்னேனே."

"சரி, சரி. ஏன் கத்துற?"

அண்ணியின் ஆய்வுக்குக் கைடாக இருந்த பேராசிரியர் சொன்னதை நானே காதால் கேட்டேன். "விடுங்கம்மா. நாலஞ்சு நாள் காய்ஞ்சதை யார் பார்க்கப்போறா? நாள் வந்ததும் நசுக்கி நம்பரை எழுதுங்க. உங்களுக்கு வேலை இருக்கு, தேதி இருக்கு." அண்ணி, "சார், நான் சைட்ல க்யூபை ஒழுங்கா ஊறவைக்காத கான்ட்ராக்டரை வெளிய அனுப்பியிருக்கேன். இதை எழுதிட்டு அந்த சைட்டுக்கு எந்த மூஞ்சியோட போவேன்?" என்றார். மறுபடி வார்க்கிறேன் என்றார். அதற்கு இன்னும் ஒரு பருவம் தேவை.

அந்தத் தேதி போய்விட்டது. பட்டம் நேரத்துக்கு வராது என்றதும் நிறுவனம் அந்த நாற்காலியை வேறொருவருக்கு முடிவு செய்துவிட்டது, அண்ணியைவிட நாலு வயது சின்னவருக்கு. வீட்டில் அண்ணன்தான் கத்தினான். அம்மா, "உழைச்சதெல்லாம் தண்ணியில போச்சே," என்று புலம்பினாள். அப்பா, "தண்ணியில போகலடி, தண்ணி இல்லாமப் போச்சு," என்றார், யாரும் சிரிக்கவில்லை. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, மறுவார்ப்புக்காக லேபில் அண்ணி ஜல்லி சலித்துக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். வேறு யாரும் இல்லை. நிமிராமலே சொன்னார்:

"ரெஜிஸ்டர் பார்த்தேன். வியாழக்கிழமை மதியம் ரெண்டு பத்து. அன்னைக்குத் தரையெல்லாம் தண்ணின்னு வாட்ச்மேன் சொன்னார்."

"அண்ணி..."

"உன்னைத் திட்டணும். நல்லா, உக்கார வெச்சுத் திட்டணும். ஆனா இப்போ எனக்குப் பதினெட்டு க்யூப் போடணும். வேலை நடுவுல திட்டினா ரெண்டும் கெட்டுடும். முடிச்சுட்டு வர்றேன். இந்தா, பிடி."

குத்துக் கம்பியை என் கையில் கொடுத்தார். அச்சில் மூன்று அடுக்காகக் கான்கிரீட்டைப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் முப்பத்தைந்து குத்துக் குத்த வேண்டும். குத்தினேன். முப்பதில் கை தளர்ந்தபோது, "எண்ணு, வாய்விட்டு எண்ணு," என்றார். எண்ணினேன். அன்று முழுக்க நாங்கள் பேசியது எண்கள்தான்.

என் ஆய்வு நேரத்துக்கு முடிந்தது. அங்கி போட்டு, மேடை ஏறி, தனியாகப் பட்டம் வாங்கினேன். இந்த முறை நான் மட்டும். படத்தை மாட்டும்போது அப்பா சுவரில் அளந்து, பக்கத்தில் இன்னொரு ஆணியும் அடித்தார். "ஆறு மாசத்துல வந்துடும்ல," என்றார். வெறும் ஆணி. அதன் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அண்ணி முடித்தார். அவர் முடிவுகள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன. ஆய்வறிக்கையில் முதலில் காய்ந்துபோன பதினெட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்: விடுமுறையில் நீர்மட்டம் இறங்கியது, காலம் தெரியவில்லை, ஆகவே அந்த மாதிரிகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. காலம் தெரியவில்லை என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கலாம். நன்றியுரையில் போட்டிருந்தார்: மறுவார்ப்பில் கைகொடுத்த என் நாத்தனாருக்கு.

அந்த நிறுவனத்தில் இனி மேலே போக வழியில்லை என்று ஆனதும், வேறு ஊரில் ஒரு பாலம் கட்டும் இடத்தில் பரிசோதனைக்கூடப் பொறுப்பு கிடைத்தது. அண்ணன் தன் வேனிலேயே சாமான்களை ஏற்றினான். அப்பா கயிறு கட்டினார். அம்மா, சுவரில் குறை கண்டுபிடித்தவள் போகிறாளே என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் அண்ணியைப் பின்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, திட்டிட்டுப் போங்க."

"எதுக்கு... ஓ. ஐயையோ, அது வேற இருக்கா?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப அரைகுறையாத் திட்டினா நல்லா இருக்காது பட்டதாரி. அதுக்கு ஒரு முழு நாள் வேணும். போய்ச் சேர்ந்துட்டுச் சொல்றேன்."

"மறந்துட மாட்டீங்களே?"

"நான் எதையாவது மறந்து பார்த்திருக்கியா?"

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறார். ஆற்றுக்குள் தூண் இறக்கும் கதை, புது லேபின் மெஷின், அண்ணனின் தொப்பை, என் வேலை, எல்லாம் பேசுகிறார், அந்தத் திட்டு மட்டும் வரவில்லை. அப்பாவிடமோ அண்ணனிடமோ அம்மாவிடமோ அவர் எதையும் சொல்லவில்லை என்பது அவர்கள் என்னிடம் பேசும் விதத்திலேயே தெரிகிறது. நானாகவே வீட்டில் சொல்லலாம். வாயெடுத்தால், அப்பா அண்ணியை நினைத்து இன்னும் ஒரு பங்கு பெருமைப்படுவார் என்று தோன்றுகிறது, மூடிக்கொள்கிறேன். நான் இன்னும் திருந்தவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

போன வாரம் பேச்சு முடியும் சமயத்தில் ஒரு இடைவெளி வந்தது. கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"அப்புறம்?" என்றார் அண்ணி.

"நீங்கதான் சொல்லணும் அண்ணி."

"எனக்கு ஒண்ணும் இல்லையே. நாளைக்கு ஆறு மணிக்கு கான்கிரீட் வருது, போய்த் தூங்கணும். வெச்சிடவா?"

"சரி அண்ணி," என்றேன். அவர் வைத்துவிட்டார்.